உழைப்பும் தேகப்பயிற்சியும்

"நாள் முழுதும் கழனியில் பாடுபடுகிறவனுக்குத் தேகப்பயிற்சி எதற்கு ஐயா?" என்று தளவானூரில் முதிய விவசாயி ஒருவர் நம்மைக் கேட்டார். நியாயமான கேள்வி.

அவரது இளமையில் கவலை ஓட்டியும் ஏற்றம் மிதித்தும் நீர் இறைத்தார்கள். உரலில் நெல் குத்தினார்கள். சந்தைக்கு நடந்தே சென்றார்கள். இன்று மோட்டார் இறைக்கிறது, டிராக்டர் உழுகிறது, அறுவடையையும் இயந்திரமே முடித்துவிடுகிறது. இவை வேண்டாமென்று நாம் கூறவில்லை. ஆயினும் உழைப்பு குறைந்த அளவுக்கு உண்ணும் சோறு குறையவில்லை. நீரிழிவு பட்டணத்து நோய் என்றிருந்த காலம் போயிற்று. நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்கு அந்நோய் இருப்பதாக 2023ஆம் ஆண்டு வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கணித்தது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர்கள் கிராமத்து வீடுகளுக்கே மாத்திரை கொண்டுசெல்வதை நாம் காண்கிறோம்.

எஞ்சியுள்ள வேலையோ உடலை ஒரே பக்கமாக வருத்துவது. நடவிலும், மல்லாட்டைக் காட்டில் களையெடுப்பதிலும் முதுகு மணிக்கணக்கில் வளைந்தே இருக்கிறது. நெஞ்சு விரிவதில்லை, மூச்சு ஆழ்ந்து போவதில்லை. இடையிடையே நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்துச் சற்றே பின்னோக்கி வளைவது நல்லது. மூட்டை தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி, சுமையை உடலோடு ஒட்டித் தூக்க வேண்டும். இதுவும் பயிற்சியைச் சேர்ந்ததே.

தசை வேலை செய்யும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்து எரிக்கிறது. இன்சுலின் குறைவாயினும் இது நிகழும். நீரிழிவு உள்ளவர்களை வைத்தியர் நடக்கச் சொல்வதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. வயதுவந்தோர் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் மிதமான பயிற்சியும், இரண்டு நாளேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் செய்யவேண்டுமென்பது 2020இல் உலக சுகாதார நிறுவனம் கூறிய அளவு. மிதமானது எதுவென்றால், நடந்துகொண்டே பேச முடியும், பாட முடியாது. அவ்வளவு வேகம் போதும். வலுவுக்குத் தண்டாலும் பஸ்கியும் உள்ளன; காசு செலவில்லை. முதல் நாளே ஐம்பது பஸ்கி போட்டு மறுநாள் படுத்துக்கொள்ளும் வாலிபர்களை நாம் அறிவோம். ஐந்தில் தொடங்கி, உடல் பழகப் பழகக் கூட்டுவதே முறை. ஓய்வு நாளும் வேண்டும். தசை வலுப்பெறுவது அப்பொழுதுதான். வயதானவர்கள் சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நின்று பழகினால் தடுமாறி விழுவது குறையும். மார்வலியோ மயக்கமோ காணின் உடனே நிறுத்தி வைத்தியரிடம் செல்க.

நம் வட்டாரத்துக்கு இது புதிதன்று. தளவானூரில் 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த கோயிலுக்குச் சத்ருமல்லேசுவராலயம் என்று பெயர். சத்ருமல்லன் அவனது பட்டங்களுள் ஒன்று, பகைவருக்கு மல்லன் என்பது பொருள். 2025இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற செஞ்சிக் கோட்டையில், நெற்களஞ்சியம் மட்டுமன்றி உடற்பயிற்சிக் கூடம் என வழங்கும் கட்டடமும் நிற்கிறது. களஞ்சியம் மட்டும் இருந்தால் கோட்டையைக் காக்க முடியுமா?

அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 2016இல் 500 ஊராட்சிகளுக்கு உடற்பயிற்சிக் கூடங்கள் அறிவிக்கப்பட்டன. 2024 முதல் ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு வழங்கப்பட்டது. ஆனால் ஓர் ஊரில் பந்தும் மட்டையும் பிரிக்கப்படாத பெட்டியோடு அலுவலக மூலையில் இருக்கக் கண்டோம். "பிள்ளைகள் உடைத்துவிடுவார்கள்" என்றார்கள். உடையட்டுமே! பூட்டிய பெட்டியால் யாருக்கு என்ன பயன்? பெண்கள் நிலை இன்னும் கடினம். வீட்டு வேலை முடிந்து அவர்கள் நடக்க விரும்பினாலும், விளக்கில்லாத பாதையில் எப்படி நடப்பார்கள்?

பெட்டிச் சாவி யாரிடம் இருக்கும், திடல் எந்நேரம் யாருக்கு, ஏரிக்கரைப் பாதையில் எத்தனை விளக்குகள் என்பவற்றை அடுத்த கிராம சபையில் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடலாம். பெண்களுக்குரிய நேரத்தை அவர்களையே கேட்டு எழுதுங்கள்.