மென்பொருளுக்குள் இருப்பவற்றின் பட்டியல்

ஒரு மென்பொருளின் எல்லா வரிகளையும் அதைத் தயாரிப்பவர்களே எழுதுவதில்லை. தேதியைக் கணக்கிட, படிவத்தைச் சரிபார்க்க என்று பிறர் எழுதிய லைப்ரரிகளை எடுத்துச் சேர்க்கிறார்கள். அந்த லைப்ரரிகளும் வேறு லைப்ரரிகளைச் சார்ந்தவை. இப்படி உள்ளே வந்தவை எவை, எந்தப் பதிப்பு, யார் தந்தது, எது எதைச் சார்ந்தது என்று குறித்துவைக்கும் கோப்பே எஸ்பாம்.

இதன் அவசியம் 2021 டிசம்பரில்தான் பலருக்கு உறைத்தது. லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியில், வெளியிலிருந்தே கணினியைக் கைப்பற்றவிடும் ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. திருத்திய பதிப்பு விரைவிலேயே வந்தது. ஆனால் அந்த லைப்ரரி தங்களிடம் இருக்கிறதா என்பதே பல நிறுவனங்களுக்குத் தெரியவில்லை. பல இடங்களில் அது யாரும் நேரடியாகச் சேர்க்காமல், வேறொரு லைப்ரரியோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

தில்லியிலுள்ள செர்ட்-இன், நாட்டின் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு. எஸ்பாமுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை 2024 அக்டோபரில் அது வெளியிட்டது. அமெரிக்காவில் 2021இல் வகுத்த குறைந்தபட்சத் தகவல்கள் ஏழுதான். செர்ட்-இன் கேட்பவை 21. உரிமம், ஆதரவு முடியும் தேதி, முக்கியத்துவம் ஆகியவையும் அவற்றில் அடங்கும். 2025 ஜூலையில் வந்த இரண்டாம் பதிப்பு வன்பொருளுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் இதே முறையை விரித்தது. பங்குச்சந்தை நிறுவனங்களின் முக்கிய மென்பொருள்களுக்கு, அவற்றைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறை அமைப்பான செபியும் எஸ்பாம் கேட்கிறது.

கோப்பு எஸ்பிடிஎக்ஸ், சைக்ளோன்டிஎக்ஸ் ஆகிய வடிவங்களில் ஒன்றில் இருப்பது வழக்கம். சிஃப்ட், ட்ரிவி போன்ற கருவிகள் பெயரையும் பதிப்பையும் தாமே திரட்டிவிடும். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் புதுக் கோப்பு தேவை. தணிக்கைக்காக ஒருமுறை தயாரித்து மூடிவைத்த பட்டியலால் பயனில்லை.

கருவிகள் சறுக்குவது உரிமத்திலும் மூலத்திலும்தான். உரிமக் குறிப்பே இல்லாத லைப்ரரிகள் ஏராளம். அங்கே ஆள்தான் படித்துப் பார்த்து நிரப்ப வேண்டும். கிளியர்லி டிஃபைன்ட் என்ற திறமூலத் திட்டம் இந்த வேலையைப் பொதுவில் செய்கிறது. கருவி திரட்டிய தகவலில் பிழை கண்டவர் எவரும் திருத்தம் அனுப்பலாம்; மற்றவர்கள் சரிபார்த்த பிறகு அது பொதுத் தொகுப்பில் சேரும். ஒருவர் திருத்தினால் அதே லைப்ரரியைப் பயன்படுத்தும் எல்லாருக்கும் அந்த வேலை மிச்சம்.

ஓட்டையுள்ள லைப்ரரி பட்டியலில் இருந்தாலே ஆபத்து என்றாகாது. பழுதான பகுதியை மென்பொருள் தொடாமலே இருக்கலாம். அதைத் தெரிவிக்க வெக்ஸ் என்ற தனிக் கோப்பு உண்டு. அதையும் எஸ்பாமுடன் தயாரிப்பாளரிடம் கேட்டுப் பெறலாம்.