அனுப்புநர், பெறுநர், ஐயா

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்து வாசலில், குறைதீர்க்கும் நாளன்று மனு எழுதிக் கொடுக்கிறவர்களின் பேனாவைச் சற்று நின்று கவனித்தால், தாளின் இடது ஓரத்தில் முதலில் 'அனுப்புநர்' என்றும், அடுத்துப் 'பெறுநர்' என்றும் எழுதி, அதன் பின்னர் 'ஐயா' என்று விளித்து அவர்கள் விஷயத்தைத் தொடங்குவதைக் காணலாம். முதலிரண்டு சொற்களும் ஸ்திரீ புருஷ பேதம் பாராமல் மனிதரை மட்டுமே குறிப்பன. மூன்றாவது சொல்லோ, உள்ளே ஆசனத்தில் அமர்ந்திருப்பவர் ஒரு பெண்மணியாகவே இருந்தாலும், அவரை ஆணாக்கிவிடுகிறது.

பேதமற்ற அந்த 'ர்' விகுதி நம் காலத்தவர் புதிதாக இயற்றியதன்று. ஒருவர் ஆணா பெண்ணா என்று ஐயம் நேர்ந்தால் பன்மையால் கூறுக என்று தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் விதிக்கிறது. 'ஒருவர்' என்னும் சொல் இரு பாலுக்கும் உரியது என்றும், பன்மை வினையையே ஏற்கும் என்றும் அதே நூல் தெளிவாக உரைக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே ஆளைப் பன்மைப் பெயரால் சுட்டலாமா கூடாதா என்று நெடுங்காலம் வாதம் நடந்ததை நினைக்கும்போது, நம் பாஷைக்கு வாய்த்திருக்கும் சௌகரியம் எத்தகையது என்பது விளங்கும்.

இருந்தும் நாம் அதை உபயோகிப்பதில் லோபம் காட்டுகிறோம். வாசகன், மாணவன், எழுத்தாளன் என்று எழுதுகிற இடத்திலெல்லாம் வாசகர், மாணவர், எழுத்தாளர் என்று எழுதினால் ஓசையும் கெடுவதில்லை, பொருளும் குறைவதில்லை. பேருந்தில் ஓட்டுநரும் நடத்துநரும் யார் நாவிலும் இடறவில்லையே! 'குடிமகன்' போன்ற சில சொற்கள் மாத்திரம் சிரமம் தருவன. அங்கே வாக்கியத்தையே திருப்பிக் 'குடிமக்கள்' என்று பன்மையில் அமைப்பது நான் கைக்கொள்ளும் உபாயம்.

இதைவிட நுட்பமான அநீதி ஒன்று மரியாதையின் வழியாக நிகழ்கிறது. 'ர்' விகுதி பாலைப் பொதுவாக்குவதோடு மதிப்பையும் உணர்த்துவதால், அதை யாருக்கு வழங்குகிறோம், யாருக்கு மறுக்கிறோம் என்பதில் எழுதுகிறவரின் அந்தரங்கமே வெளிப்பட்டுவிடுகிறது. பல வருஷங்களுக்கு முன் நான் எழுதிய கதை ஒன்றை அண்மையில் எடுத்துப் படித்தபோது, கணவர் செய்தித்தாளை மடித்து வைத்தார், மனைவி காபி கொண்டுவந்தாள் என்று ஒரே வாக்கியத்துக்குள் இருவரையும் இரு படிகளில் நிறுத்தியிருப்பதையும், இரண்டு பக்கம் தள்ளி, முப்பது வயது நிலச் சொந்தக்காரர் 'வந்தார்' என்றும், அவர் வயலில் களை பறித்த எழுபது வயதுக் கிழவி 'வந்தாள்' என்றும் எழுதியிருப்பதையும் கண்டு மனம் மிக வருந்தினேன். அந்த மூதாட்டிக்கு நான் மரியாதையை மறுத்தது அவர் பெண் என்பதற்காக மட்டுமன்று. அவர் கூலிக்கு வந்தவர் என்பதற்காகவும், சொல்லக் கூசினாலும், அவருடைய சாதிக்காகவுந்தான்.

ஆண், பெண் என்னும் இரண்டில் அடங்காதவர்களைப் பற்றி எழுதும்போது இந்த ஜாக்கிரதை இரட்டிப்பாக வேண்டும். ஏளனமாகவே பிரயோகிக்கப்பட்டு வந்த பழைய பெயர்களை விலக்கித் திருநங்கை, திருநம்பி என்று வழங்கத் தொடங்கியது நம் தலைமுறையின் நற்செயல். சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கொன்றை அடுத்து, இவ்வகைச் சொற்களின் பட்டியலைத் தமிழக அரசு 2022ஆம் ஆண்டில் அரசிதழிலேயே வெளியிட்டது. ஆயினும் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால், தம்மை எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று அவரிடமே கேட்டுவிடுவது உத்தமம்.

பத்திரங்களில் ஆண் ஆயுள் முழுவதும் 'த/பெ' என்று தந்தை பெயராலேயே அறியப்பட, பெண் மாத்திரம் விவாகத்தோடு 'க/பெ' என்று கணவர் பெயருக்கு மாற்றப்படும் வழக்கத்தைத் திருத்துவது தனியொருவரால் ஆகக்கூடியதன்று. மனுவின் மூன்றாவது சொல் அப்படியன்று. பெறுபவர் யாரென்று தெரியாத கடிதங்களில் சில காலமாக நான் 'மதிப்பிற்குரியீர்' என்றே விளித்து வருகிறேன். பதில் எழுதிய அதிகாரிகளில் ஒருவரும் அதைக் குறையாகக் கொண்டதில்லை.