மல்ட்டிபிளெக்ஸ்

மல்ட்டிபிளெக்ஸ் என்பது "பல மடிப்புகளை உடையது", "பன்மடங்கானது" எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லாகும். ஆங்கிலத்தின் வழியாகத் தமிழ்ப் பேச்சு வழக்கில் நுழைந்துள்ள இச்சொல், ஒரே கட்டடத்தில் பல திரைகளைக் கொண்ட திரையரங்கு வளாகத்தைக் குறிக்கின்றது. எனினும், திரையரங்குகளுக்கு இப்பெயர் வழங்கத் தொடங்குவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, ஒரே கம்பியில் பல செய்திகளை அனுப்பும் தந்தி முறை இப்பெயரால் அழைக்கப்பட்டது. இவ்விரு பொருள்களும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை போலத் தோன்றினாலும், செலவு மிகுந்த ஒரு வசதியைப் பலவற்றுக்குப் பகிர்ந்தளித்தல் என்னும் கருத்து இரண்டுக்கும் பொதுவானது.

சொற்பிறப்பு

இச்சொல்லின் முற்பகுதியான "மல்ட்டி" பல என்று பொருள்படும். "பிளெக்ஸ்" என்னும் ஈறு, மடித்தல், பின்னுதல் ஆகிய பொருள்களைக் கொண்ட பழைய இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வந்தது. சிம்பிளெக்ஸ் (ஒரு மடி), டூப்ளெக்ஸ் (இரு மடி), டிரிப்ளெக்ஸ் (மும்மடி) ஆகியன இதே ஈற்றைக் கொண்டவை. "காம்ப்ளெக்ஸ்" என்பதற்கு ஒன்றாகப் பின்னப்பட்டது என்பது மூலப் பொருளாகும். பெருக்கலைக் குறிக்கும் "மல்ட்டிபிளை" என்னும் ஆங்கிலச் சொல்லும் மல்ட்டிபிளெக்ஸ் என்ற சொல்லின் வழிவந்ததே.

மடிப்பதிலிருந்து எண்ணிக்கைக்குச் செல்லும் இப்பொருள் மாற்றம் தமிழிலும் தனியாக நிகழ்ந்துள்ளது. மடங்குதல் என்பது மடிந்து வளைதலைக் குறிக்கும். அதிலிருந்தே இருமடங்கு, மும்மடங்கு, பன்மடங்கு ஆகிய அளவுச் சொற்கள் தோன்றின. எனவே, மல்ட்டிபிளெக்ஸ் என்பதற்குச் சொல்லுக்குச் சொல் நேரான தமிழ் வடிவம் "பன்மடி" அல்லது "பன்மடங்கு" என்பதாகும்.

தொலைத்தொடர்பில்

19ஆம் நூற்றாண்டில் நெடுந்தொலைவுக்குத் தந்திக் கம்பி அமைப்பது பெருஞ்செலவு பிடிக்கும் பணியாக இருந்தது. ஒரு கம்பியில் ஒரு நேரத்தில் ஒரு செய்தி மட்டுமே செல்லும் என்னும் வரம்பைக் கடந்தால், புதிய கம்பி அமைக்காமலேயே கூடுதல் செய்திகளை அனுப்ப முடியும். 1874இல் தாமசு ஆல்வா எடிசன் உருவாக்கிய குவாட்ருப்ளெக்ஸ் முறையில், ஒரே கம்பியில் இரு திசைகளிலும் இரண்டிரண்டாக நான்கு செய்திகள் ஒரே நேரத்தில் சென்றன. ஒரு திசையில் செல்லும் இரு செய்திகளுள் ஒன்று மின்னோட்டத்தின் திசை மாற்றத்தாலும், மற்றொன்று அதன் வலிமை மாற்றத்தாலும் வேறுபடுத்தப்பட்டன.

அதே ஆண்டில் பிரான்சைச் சேர்ந்த எமில் போடோ வேறொரு வழியைக் கையாண்டார். அவரது கருவியில் சுழலும் பகிர்வி ஒன்று, பல இயக்குநர்களுக்குக் கம்பியைச் சிறுசிறு நேரம் முறை வைத்து வழங்கியது. தமது முறை வரும் தருணத்தில் இயக்குநர்கள் தாளம் தவறாமல் விசைகளை அழுத்த வேண்டியிருந்தது. இவர் நினைவாகவே குறியீட்டு வேகத்தின் அலகு "போட்" எனப்படுகின்றது. பல செய்திகளை வெவ்வேறு அலைவெண்களில் ஒரே கம்பியில் அனுப்ப அலெக்சாண்டர் கிரகாம் பெல் மேற்கொண்ட ஆய்வுகளே 1876இல் தொலைபேசி உருவாக வழிவகுத்தன.

பிற்கால முறைகளுள் இரண்டு அடிப்படையானவை:

அலைவெண் பகிர்வு: ஒவ்வொரு குறிகைக்கும் தனி அலைவெண் பட்டை ஒதுக்கப்படும்.

நேரப் பகிர்வு: ஒவ்வொரு குறிகைக்கும் தனி நேரத்துண்டு ஒதுக்கப்படும்.

நேரப் பகிர்வுக்கு எடுத்துக்காட்டாக, 1962இல் அமெரிக்காவின் பெல் நிறுவனம் நடைமுறைப்படுத்திய டி1 இணைப்பைக் கூறலாம். இதில் 24 உரையாடல்களின் குரல் மாதிரிகள் நொடிக்கு 8000 முறை எடுக்கப்படுகின்றன. ஒரு சுற்றில் 24 மாதிரிகளும் 8 பிட்டுகள் வீதம் 192 பிட்டுகளாகின்றன. சுற்றின் எல்லையைக் காட்ட ஒரு பிட் சேர்க்கப்படுகின்றது. இவ்வாறு 193 பிட்டுகள் நொடிக்கு 8000 முறை செல்வதால், இணைப்பின் வேகம் நொடிக்கு 15,44,000 பிட்டுகள் ஆகும். அந்த ஒரு பிட் இல்லையெனில், எந்தத் துண்டு எவருடைய குரல் என்பதை மறுமுனையால் அறிய இயலாது. பலவற்றை ஒன்றாகச் சேர்ப்பது போலவே, அவற்றைக் கலக்காமல் மீண்டும் பிரிப்பதும் இம்முறைக்கு இன்றியமையாதது.

மின்னணுவியலில், பல உள்ளீடுகளுள் ஒன்றைத் தெரிந்து வெளியீட்டுக்கு அனுப்பும் சுற்று மல்ட்டிபிளெக்சர் எனப்படுகின்றது. 3 தெரிவுக் கம்பிகளால் 8 உள்ளீடுகளுள் ஒன்றைத் தெரியலாம்.

திரையரங்குகளில்

கனடாவின் ஒட்டாவா நகரில் இருந்த எல்ஜின் திரையரங்கின் அருகில் 1947இல் நாட் டெய்லர் இரண்டாவது அரங்கொன்றைத் திறந்தார். 1963இல் அமெரிக்காவின் கன்சாசு நகரில் சுடான்லி டர்வுட் ஒரு வணிக வளாகத்தில் இருதிரை அரங்கை அமைத்தார். 1979இல் டொரொன்டோவில் 18 திரைகளுடன் சினிபிளெக்ஸ் திறக்கப்பட்டது. பிரசல்சில் 1988இல் திறக்கப்பட்ட கினேபோலிசு 25 திரைகளைக் கொண்டிருந்தது.

இவ்வளாகங்களில் நுழைவுக்கூடம், சீட்டு விற்பனை, வண்டி நிறுத்துமிடம், பணியாளர் ஆகியவை பல திரைகளுக்குப் பொதுவாக அமைகின்றன. காட்சி நேரங்கள் முன்பின்னாக அமைக்கப்படுவதால், ஒரே கூடம் பல அரங்குகளின் பார்வையாளர்களுக்கு அடுத்தடுத்துப் பயன்படுகின்றது. இது நேரப் பகிர்வை ஒத்ததாகும். கூட்டம் குறைந்த படத்தைச் சிறிய அரங்குக்கு மாற்றவும் இயலும். ஒரே பெரிய அரங்கை மட்டும் கொண்ட பழைய திரையரங்குகளுக்கு இவ்வசதி இருக்கவில்லை.

சென்னையில் இச்சொல் பரவுவதற்கு முன்பே இவ்வமைப்பு இருந்தது. அண்ணா சாலையில் 1964இல் திறக்கப்பட்ட சஃபையர் வளாகத்தில் சஃபையர், புளூ டைமண்ட், எமரால்டு என மூன்று அரங்குகள் இருந்தன. அது 1990களில் மூடப்பட்டது. 1997இல் தில்லியின் சாக்கேத் பகுதியில் திறக்கப்பட்ட பிவிஆர் அனுபம் அரங்கிற்குப் பின்னரே மல்ட்டிபிளெக்ஸ் என்னும் பெயர் இந்தியாவில் பரவலாயிற்று.

பிற துறைகளில்

எண்முறை ஒளிபரப்பில், ஒரே அலைவரிசையில் சேர்த்து அனுப்பப்படும் பல நிகழ்ச்சித் தடங்களின் தொகுப்பு மல்ட்டிபிளெக்ஸ் எனப்படும். மூலக்கூற்று உயிரியலில், டி.என்.ஏ.வின் பல பகுதிகளை ஒரே வினையில் பெருக்கும் சோதனை மல்ட்டிபிளெக்ஸ் பி.சி.ஆர். என்று அழைக்கப்படுகின்றது. பந்து வித்தையில், ஒரே கையிலிருந்து ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பந்துகளை எறிவதும் இப்பெயர் பெறுகின்றது. கம்பி, அலைவரிசை, சோதனைக்குழாய், கை என இவற்றில் பகிரப்படுவது வேறுபட்டாலும், ஒன்றைப் பன்மடங்காகப் பயன்படுத்துதல் என்னும் பொருள் மாறுவதில்லை.