இங்கிலாந்தில் நிக்காஹ்: பதிவாளரிடம் போகாதவர்களுக்கு

பள்ளிவாசல் முத்திரையும், மஹர் தொகையும், இரண்டு சாட்சிகளின் கையொப்பமும் உள்ள நிக்காஹ் பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையிலிட்டுக் காத்து வந்த ஒரு பெண், பத்துப் பதினைந்து ஆண்டு இல்வாழ்க்கைக்குப் பின் கணவனால் கைவிடப்பட்டு வக்கீலிடம் போகும்போது, அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது இருக்கட்டும் அம்மா, கல்யாண சர்ட்டிபிகேட் எங்கே?” என்று கேட்கிறார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குடியேறிய முஸ்லிம் குடும்பங்களில் இந்தக் கேள்வி ஓயாமல் எழுந்துகொண்டே இருக்கிறது. கேட்ட பிறகும் அடுத்த வீட்டார் திருந்துவதாகக் காணோம்.

நம் ஊரில் ஜமாஅத் தப்தரில் எழுதி முடித்தால் அதுவே விவாகம், ஏனெனில் இந்தியாவில் முஸ்லிம் தனிச்சட்டம் அதை ஏற்கிறது. இங்கிலாந்தில் அத்தகைய தனிச்சட்டம் கிடையாது. 1949-ஆம் ஆண்டு விவாகச் சட்டத்தின்படி நடவாத சடங்கு, இமாம் எவ்வளவு பெரியவராயினும், விவாகமாகாது. வோக்கிங்கில் 1889-இல் ஷாஜஹான் பள்ளிவாசல் எழுந்த பிறகு அந்நாட்டில் பள்ளிவாசல்கள் பெருகினவேயன்றி, அவற்றுள் விவாகத்துக்கெனப் பதிவு பெற்றவை சிறுபான்மையே. வழிபாட்டிடமாகச் சான்று பெறுவது வேறு, விவாகத்துக்குப் பதிவு பெறுவது வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்தே பலர் ஏமாறுகிறார்கள்.

லண்டன் சவுத்ஹாலில் ஓர் உணவகத்தில் 1998-இல் நிக்காஹ் செய்துகொண்டு நான்கு மக்களைப் பெற்ற தம்பதிகளின் வழக்கில், கீழ்நீதிமன்றம் மனைவி ஓரளவு பரிகாரம் பெற வழிவிட்டது. தம்பதிகள் தமக்குள் சமாதானமாகிவிட்ட பிறகும், அரசின் அட்டர்னி ஜெனரலே முனைந்து மேல்முறையீடு செய்ய, 2020-இல் அந்த வழியும் அடைபட்டது. யூதர்களுக்கும் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினருக்கும் 1753-ஆம் ஆண்டு விவாகச் சட்டத்திலேயே விதிவிலக்கு அளித்த ஒரு ராஜ்யம், ஒரு பெண்ணுக்குக் கிடைத்த சிறு பரிகாரத்தைப் பறிப்பதில் காட்டிய இந்தச் சிரத்தையைச் சட்டத்தைச் சீர்திருத்துவதில் காட்டவில்லை.

ஆகவே செய்ய வேண்டியது இது. மணமக்கள் இருவரும், ரிஜிஸ்டர் ஆபீஸ் என்று அங்குள்ளோர் சொல்லும் பதிவாளர் அலுவலகத்துக்கு நேரில் சென்று நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதற்கு முன் அந்த வட்டாரத்தில் ஏழு நாளேனும் வசித்திருக்க வேண்டும். பாஸ்போர்ட்டும் முகவரிச் சான்றும் தேவை. முன்பு மணமானவராயின் விவாகரத்தின் இறுதி உத்தரவோ, இறப்புச் சான்றிதழோ தேவை. நோட்டீஸுக்குப் பின் இருபத்தெட்டு நாள் காத்திருக்க வேண்டும். குடியுரிமையோ நிரந்தர வாச உரிமையோ இல்லாதவர்களுக்கு இது எழுபது நாளாகவும் நீளலாம். அதன்பின் அவ்வலுவலகத்திலேயே சிவில் விவாகத்தை முடித்துவிட்டு நிக்காஹ் வைத்துக்கொள்வது எளிது. பள்ளிவாசலிலேயே இரண்டையும் முடிக்க விரும்பினால், அது விவாகத்துக்குப் பதிவானதா என்று நிர்வாகியின் வாய்வார்த்தையை நம்பாமல் பதிவாளரிடமே விசாரியுங்கள். 2021 மே மாதம் முதல், அங்கே கையெழுத்தாகும் விவாகப் படிவம் இருபத்தொரு நாளுக்குள் பதிவாளரிடம் திரும்பிச் சேர வேண்டும்; சேராமல் சான்றிதழ் வராது. மணமக்களுக்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது 2023 முதல் நிக்காஹுக்கும் பொருந்தும்.

ஊரில் முறைப்படி நடந்த நிக்காஹை இங்கிலாந்து பொதுவாக ஏற்கும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுசெய்த சான்றிதழ் கையில் இருக்கட்டும்.

நிக்காஹோடு நின்றுவிட்டவர்கள், இருவரும் மனமொத்திருக்கும்போதே பதிவாளரிடம் போகலாம், காலதாமதம் தடையன்று. பிரிந்துவிட்டாலோ, பெண்ணுக்குத் தன் பெயரில் ஜீவனாம்சம் கிடையாது. குழந்தைகளுக்காக 1989-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின்கீழ் கேட்கலாம். வீட்டில் பங்கு கேட்க, தான் செலுத்திய பணத்துக்குப் பாங்குக் கணக்குகளைக் காட்ட வேண்டும். ஷரீஅத் கவுன்சில் மார்க்க ரீதியான பிரிவைத் தரும். வீட்டையோ பணத்தையோ வாங்கித் தரும் அதிகாரம் அதற்கில்லை. இதை மறுபடியும் சொல்கிறேன்: அதற்கு அந்த அதிகாரம் இல்லை.

மகளுக்கு வலியாக, அதாவது மணப்பொறுப்பாளராக, நிற்கும் தகப்பன்மார்களே, மஹரைப் பேசி முடிக்கும் அதே அமர்வில் பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும் தேதியையும் கேட்டு வாங்குங்கள்; தேதி சொல்லாத மாப்பிள்ளை வீட்டாருக்குச் சம்மதம் சொல்லாதீர்கள்.