ஓவியம் தப்பியது, கூடம் போனது

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 2008 ஜூன் வெள்ளத்தில் தன் கலை அருங்காட்சியகத்தின் பெரிய படைப்பு எதையும் பறிகொடுக்கவில்லை. ஆனாலும் அந்த அருங்காட்சியகம் தனக்கென ஒரு கட்டடத்தில் மறுபடி கதவைத் திறந்தது 2022 ஆகஸ்ட் 26 அன்றுதான். ஓவியங்களை வெளியேற்றச் சில நாள் போதுமானதாக இருந்தது. அவற்றுக்கு ஓர் இடம் கிடைக்க 14 ஆண்டுகள் ஆயின. இடையில் நடந்ததை, அருங்காட்சியகமோ சுவடிக்கூடமோ வைத்திருக்கும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அயோவா சிட்டி நகரின் நடுவே அயோவா ஆறு ஓடுகிறது. பல்கலைக்கழக வளாகம் அதன் இரு கரைகளிலும் பரந்திருக்கிறது. நகருக்கு வடக்கே, ஆற்றின் மேற்போக்கில், 1958இல் கோரல்வில் அணை கட்டி முடிக்கப்பட்டது. அணை காக்கும் என்ற நம்பிக்கையில் கரையோரத் தாழ்நிலத்தில் கட்டடங்கள் எழுந்தன. 1969இல் கலை அருங்காட்சியகமும், 1972இல் ஹான்சர் அரங்கமும் அங்கே வந்தன. 1993 பெருவெள்ளத்தில் அணை முதன்முறையாக மறுகால் பாய்ந்தது. அதைவிடத் தெளிவான எச்சரிக்கை கிடைக்காது. ஆனால் அருங்காட்சியகம் இருந்த இடத்திலேயே இருந்தது. புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஸ்டீவன் ஹோல் வடிவமைத்த புதிய கலைத்துறைக் கட்டடமும் 2006இல் அருகிலேயே திறக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் அதற்குள்ளும் வெள்ளம் புகுந்தது. அதை மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவர 2012 ஆயிற்று.

2008 ஜூனில் தொடர்மழையால் நீர்த்தேக்கம் நிரம்பி, அணை இரண்டாம் முறை மறுகால் பாய்ந்தது. அயோவா சிட்டியில் 22 அடியைத் தொட்டாலே வெள்ள அளவு. ஜூன் 15 அன்று ஆறு 31.53 அடிக்கு உயர்ந்தது. வளாகத்தில் 20க்கும் மேற்பட்ட கட்டடங்கள் பாதிக்கப்பட்டன. நீர் ஏறிவருவதற்குள் அருங்காட்சியகப் பணியாளர்கள் படைப்புகளைக் கட்டிப் பொதிந்து லாரிகளில் ஏற்றினார்கள். மதிப்புமிக்கவை சிகாகோவிலுள்ள பாதுகாப்புக் கிடங்குக்குப் போயின. ஜாக்சன் பொல்லாக் 1943இல் வரைந்த, ஏறத்தாழ 20 அடி நீளமும் 8 அடி உயரமும் உள்ள ‘மியூரல்’ ஓவியமும் அவ்வாறே தப்பியது. நூலகத்தில் மாணவர்களும் ஆசிரியர்களும் ஊர்மக்களும் வரிசையாக நின்று, கீழ்த்தளத்து நூல்களைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். மனிதர்கள் செய்யக்கூடியதை அவர்கள் குறைவறச் செய்தார்கள்.

நீர் வடிந்த பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. அந்தக் கட்டடத்தில் வைக்கப்படும் கலைப்பொருள்களுக்கு இனிக் காப்பீடு தர முடியாது என்று லண்டனின் லாயிட்ஸ் மறுத்துவிட்டது. காப்பீடு இல்லாமல் அங்கே ஓவியத்தைச் சுவரில் மாட்ட முடியாது என்றாயிற்று. புதிய கட்டடம் எழுப்ப அமெரிக்கக் கூட்டரசின் பேரிடர் முகமையான ஃபீமாவிடம் பல்கலைக்கழகம் நிதி கேட்டது. அங்கே ஒரு விதி உண்டு: பழுதுபார்க்கும் செலவு, புதிதாகக் கட்டும் செலவில் பாதியைத் தாண்டினால்தான் புதுக் கட்டடத்துக்குப் பணம். ஹான்சர் அரங்கம் அந்தக் கோட்டைத் தாண்டியது, அருங்காட்சியகம் தாண்டவில்லை. மேல்முறையீடுகளும் தோற்றன. பழுதுபார்த்துக்கொள்ளலாம், ஆனால் படங்களை மாட்ட முடியாது என்ற நிலையில் கட்டடம் நின்றது.

சேகரிப்பு ஊர் ஊராகப் போனது. ஒரு பகுதி டேவன்போர்ட் நகரின் ஃபிக் கலை அருங்காட்சியகத்தில் தங்கியது. இன்னொரு பகுதி வளாகத்திலேயே மாணவர் மன்றக் கட்டடத்தில் காட்சிக்கு வந்தது. ‘மியூரல்’ லாஸ் ஏஞ்சலஸின் கெட்டி நிறுவனத்தில் செப்பனிடப்பட்டு, பிறகு பல நாடுகளின் காட்சிக்கூடங்களில் ஏறி இறங்கியது. இதற்கிடையே 2011இல், அதை விற்று மாணவர் உதவித்தொகைக்கு நிதி திரட்டலாம் என்ற மசோதா மாநிலச் சட்டமன்றத்தில் வந்தது. அப்போது அதன் மதிப்பு சுமார் 14 கோடி டாலர் என்று பேசப்பட்டது. எதிர்ப்பு எழுந்து மசோதா கைவிடப்பட்டது. வெள்ளத்தில் தப்பிய ஓவியம், இடமில்லாத நிலையில் விற்பனைக்குப் போகவிருந்தது. இருப்பிடம் இழந்த கலைப்பொருளைப் பார்க்கிறவர்களுக்கு அதன் விலைதான் முதலில் தெரியும்.

புதிய கட்டடம் வருவதற்குள் நான்காண்டுப் பட்டப்படிப்பு மாணவர்கள் மூன்று அணியினர் சேர்ந்து, படித்து, வெளியேறிவிட்டார்கள். தங்கள் பல்கலைக்கழகத்துக்கே சொந்தமான அந்த ஓவியத்தை வளாகத்தில் ஒருமுறைகூடப் பார்க்காமல் போனவர்கள் அவர்கள். 2022இல் திறந்த ஸ்டான்லி கலை அருங்காட்சியகத்துக்கு 5 கோடி டாலர் செலவானது. நன்கொடைகள் பெரிதும் கைகொடுத்தன. அங்கே கார்கள் தரைக்குக் கீழே நிற்கின்றன, காட்சிக்கூடமும் வைப்பறையும் மேல்தளங்களில் இருக்கின்றன. 1993இலேயே எடுத்திருக்க வேண்டிய முடிவு அது.

முடிவை விரைந்து எடுத்தவர்களும் உண்டு. அதே வெள்ளத்தில் பக்கத்து நகரமான சீடார் ராப்பிட்ஸில் செக், ஸ்லோவாக் தேசிய அருங்காட்சியகம் மூழ்கியது. அவர்கள் முழுக் கட்டடத்தையும் 480 அடி தள்ளி நகர்த்தி, 11 அடி உயர்த்தி வைத்தார்கள். 2012இல் அது மீண்டும் திறந்தது. இடத்தை மாற்றியவர்களுக்கு 4 ஆண்டு. விதிகளோடும் காப்பீட்டோடும் போராடியவர்களுக்கு 14 ஆண்டு.

இது தூரத்து ஊர்க் கதை என்று ஒதுக்க வேண்டாம். மேலே நீர்த்தேக்கம், கீழே ஆற்றங்கரையில் நகரம் என்ற அமைப்பு சென்னைக்கும் உண்டு. 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டபோது அடையாற்றங்கரை என்ன ஆனது என்பதை நாம் கண்டோம். ஆற்றோரத்திலும் கடலோரத்திலும் நம் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. அவற்றில் சுவடிகளும் நாணயங்களும் பழங்கால மண்கலங்களும் இருக்கின்றன.

நனைந்த தாளில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். அதற்குள் உலர்த்த முடியாதவற்றை உறைநிலைக் குளிர்பதனத்தில் வைத்தாக வேண்டும். கடும் வெயிலில் பரப்பினால் தாள் சுருங்கி நெளிந்துவிடும். குளிர்பதனக் கிடங்கு எங்கே, வண்டி யாருடையது, முதலில் தூக்க வேண்டிய பொருள் எது என்பதை மழை பெய்யும்போது தேட முடியாது.

நீங்கள் படித்த அல்லது பணியாற்றும் நிறுவனத்தில் இப்படி ஒரு கூடம் இருந்தால், பருவமழை தொடங்குமுன் நிர்வாகத்திடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். வைப்பறையின் தரை, இதுவரை கண்ட உச்ச வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்கிறதா? காப்பீட்டுப் பத்திரம் வெள்ளத்தையும் புயலையும் சேர்த்துக்கொள்கிறதா? கட்டடம் பயன்படாமல் போனால் சேகரிப்பை ஏற்றுக்கொள்ள மேட்டு நிலத்து நிறுவனம் ஒன்று எழுத்தில் ஒப்பியிருக்கிறதா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் இல்லையென்றால் அந்தச் சேகரிப்பு இன்றே ஆபத்தில் இருக்கிறது.