உங்களுக்குத் தெரியுமா? மலையூரின் சேற்று வேடம்

குழந்தைகளின் கன்னத்தில் புலியும் வண்ணத்துப்பூச்சியும் வரைவது இன்றைய விழாக்களில் வாடிக்கை. பழனி மலைத்தொடர் ஊர்களுக்கோ இப்படி முகத்தில் பூசும் வேடம் புதிதல்ல. தாண்டிக்குடி போன்ற கொடைக்கானல் கீழ்மலை ஊர்களின் அம்மன் திருவிழாக்களில் சேத்தாண்டி வேடம் உண்டு. சிறுவர் முதல் பெரியவர் வரை முகத்திலும் உடம்பிலும் சேறு பூசி ஆடி வருவார்கள். நோய்நொடி அண்டாது என்பது நம்பிக்கை. கும்மாளமும் ஒரு காரணம்தான், மறைப்பானேன்!

சேறாவது கழுவினால் போய்விடும். கூத்துக் கலைஞர்கள் அந்நாளில் பூசிய அரிதாரமோ ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கனிமம், நச்சு.

இன்று குழந்தைகளின் முகத்தில் வீட்டில் வரைவதானால் நீரில் கரையும் முகவண்ணமே வாங்குங்கள். போஸ்டர் கலர், அக்ரிலிக் வேண்டாம். முதல் நாளே முன்கையில் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள். அரித்தாலோ தடித்தாலோ அந்த வண்ணத்தை விட்டுவிடுங்கள்.