பழிக்கப்பட்ட ஒரு விளையாட்டு

முப்பதாண்டுகளுக்கு மேல் கரும்பலகையின் முன் நின்ற ஒருவன், வானொலியில் வீடியோ கேம் ஒன்றுக்காக வாதாட வந்திருப்பது உங்களுள் சிலருக்கு வியப்பளிக்கலாம். கற்பித்தல் முறை பற்றிய பழைய வழக்கொன்று அதனுள் புதைந்து கிடக்கின்றது; ஆதலால் துணிந்தேன்.

ஜப்பானில் ஸ்கொயர் நிறுவனத்தார் 1988 டிசம்பரில் ஃபேமிகாம் கருவிக்கென வெளியிட்ட ‘ஃபைனல் ஃபேன்டசி 2’ என்பதே அது. கதைமாந்தராக நாமே மாறி ஆடும் வகையைச் சேர்ந்தது. அவ்வகைக்கு எழுதா விதி ஒன்றுண்டு. 1974இல் அமெரிக்காவில் தோன்றிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டு வகுத்த வழி அது. 1986இல் வந்த ‘டிராகன் குவெஸ்ட்’ அதனை ஜப்பானில் நிலைநாட்டிற்று. பகைவரை வென்றால் அனுபவப் புள்ளி. புள்ளி நிறைந்தால் அடுத்த நிலை. நிலை ஏறினால் வலிமைகள் தாமே ஏறும். ஆண்டுத் தேர்வு முடிந்ததும் மாணவனை அடுத்த வகுப்பிற்கு ஏற்றிவிடுகிறோமே, அதனைப் போன்றது. கணக்கில் புலியாகவும் கட்டுரையில் பூனையாகவும் இருப்பவன் எல்லாவற்றிலும் ‘தேறியவன்’ ஆகிவிடுகிறான் அல்லவா?

இந்த ஏணியை விளையாட்டின் அமைப்பாளர் அகிதோஷி கவாஸு எடுத்தெறிந்தார். வாளை எடுத்துப் போரிட்டால் வாட்பயிற்சி வளரும். வில்லைத் தொடாதவனுக்கு விற்பயிற்சி வளராது. ஒவ்வொரு மந்திரமும் ஓதி ஓதியே 16 படிவரை உயரும். அடிபட்டவனுக்கே உயிர்வலி கூடும். முதற்பதிப்பில் தோள்வலி ஏறுங்கால் அறிவு குறையவும் கூடும்! ஒன்றில் மூழ்கியவன் மற்றொன்றை இழக்கிறான் என்பதை எந்தப் பள்ளி ஆசிரியர் மறுப்பார்?

உரையாடலிலும் புதுமை செய்தனர். ‘காட்டு ரோஜா’ போன்ற குறிப்புச் சொற்களைக் கேட்டு மனத்திலிருத்தி, தக்கவரிடம் தக்க நேரத்தில் வினவ வேண்டும். வினாக் கேட்கத் தெரிந்தவனுக்கே விடை கிடைக்கின்றது.

பழித்தவர்கள் பொய் சொல்லவில்லை. உயிர்வலி வேண்டித் தம் தோழரையே வெட்டிக்கொள்ளும் கூத்து நடந்தது உண்மை. முதற்பதிப்பில், ஆணையைத் தேர்ந்து பின் நீக்கினாலும் பயிற்சி ஏறிற்று. இவை கணக்கின் பிழைகள். கருத்தின் பிழைகள் அல்ல. வீட்டுப்பாடத்தைப் பார்த்தெழுதும் பிள்ளைகள் இருப்பதனால் வீட்டுப்பாடமே தீதென்று நாம் சொல்வதில்லை. ஆயினும் 1990இல் வந்த மூன்றாம் விளையாட்டு பழைய ஏணிக்கே திரும்பிற்று. கவாஸு தளரவில்லை, 1989இல் தொடங்கிய ‘ஸாகா’ வரிசையில் தம் கொள்கையைத் தொடர்ந்தார். பழிக்கப்பட்ட இவ்விளையாட்டு ஆங்கிலத்தில் முறைப்படி வெளிவர 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மற்றொரு குறையும் கூறுவர்: நான்காம் இடத்திற்கு வரும் தோழர் நிலைப்பதில்லை; அவருக்களித்த பயிற்சி வீண். பேரரசன் ஒருவனை எதிர்க்கும் கிளர்ச்சியின் கதை இது. தொடக்கப் போரிலேயே நாயகர்கள் வீழ்கின்றனர். உருண்டு வரும் பாறையைத் தாங்கித் தோழரைத் தப்புவித்து மடிகிறார் ஜோசஃப். முத்திரையிட்ட கதவைத் திறக்கத் தம் உயிரையே ஈகிறார் மின்வு. அவர் போனபின் பட்டியலில் அவர் பெயரிருந்த இடம் வெறுமையாக நிற்கின்றது. அந்த வெறுமையை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.